தெற்குச் சுவரில் ஒட்டிய படம்

கூழ் ஆறிவிட்டால் அச்சில் இறங்காது என்று தெரிந்தும் சண்முகக்கனியின் கை நின்றுவிட்டது. மொட்டை மாடியில் ஈர வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்து, மூன்று வரிசை வத்தல் பிழிந்து முடித்திருந்தாள். நாலாவது வரிசையின் பாதியில், அச்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, காலையில் தங்கபுஷ்பத்தின் தையல்கடைச் சுவரில் இருந்த நாட்டுப் படத்தில் தன் விரல் பட்டது எந்த ரோட்டில் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கிழக்கு ரோட்டில்தான். கிழக்கு என்று வாயால் சொல்லிக்கொண்டுதானே விரலை வைத்தாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேஸை அணைத்தோமா என்று வருமே, அந்த மாதிரிச் சந்தேகம் இது, வரும், கொஞ்ச நேரம் குடையும், போய்விடும். அவள் அச்சை மறுபடி அழுத்தினாள். இழை விட்டுவிட்டு விழுந்தது. பச்சைமிளகாய் விதை ஒன்று ஓட்டையில் அடைத்திருக்க வேண்டும். ஊக்கை எடுத்துக் குத்தினாள். குத்தும்போது சோத்தாங்கை அச்சைப் பிடித்திருந்தது, பீச்சாங்கை ஊக்கைப் பிடித்திருந்தது. காலையில் எந்தக் கையால் தொட்டேன். பீச்சாங்கையால்தான், சோத்தாங்கையில் காபி டம்ளர் இருந்தது. அப்படியானால் பீச்சாங்கைப் பக்கத்து ரோட்டைத்தான் தொட்டிருப்பேன், குறுக்கே நீட்டவில்லை. பீச்சாங்கைப் பக்கம் கிழக்கு. கடை வாசல் கிழக்கு, வெயில் அந்தப் பக்கமிருந்துதான் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இந்தக் கேள்வி போகமாட்டேன் என்கிறது.

மூன்று நாடுகளின் பெயரும் அவள் வாயில் நுழைவதில்லை. நுழைந்தாலும் தங்குவதில்லை. ஏழாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவளுக்குப் படமும் கோடும் எதற்கு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள், அவளும் விட்டுவிட்டாள். ஆகையால் பெரிய நாடு, மது நாடு, ஜெர்வின் நாடு என்று தனக்குத் தானே பெயர் வைத்திருந்தாள். மதுபாலா அவள் மகள். ஜெர்வின் நாலு வீடு தெற்கால தள்ளித் தையல்கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பத்தின் மகன். ஒரே தெரு, ஒரே டியூஷன், ஒரே வருஷம் நீட் எழுதி, ஒரே மாதிரி மார்க் குறைந்து, மதுரையில் ஒரே ஏஜெண்டைப் பிடித்து டாக்டருக்குப் படிக்கப் போனார்கள். பஸ்ஸில் சீட் இருக்கிற இடத்தில் உட்காரச் சொல்வது மாதிரி, இந்தப் பிள்ளைக்கு இந்த நாடு, அந்தப் பிள்ளைக்கு அந்த நாடு என்று ஏஜெண்ட் பிரித்துவிட்டான். அதனால் என்ன, இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுதானே, மது இருக்கிற ஊர் எல்லையில், ஜெர்வின் இருக்கிற ஊர் எல்லையைத் தாண்டியதும், கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம் அளவுதான், ஆத்திர அவசரத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் உதவியாக இருக்கும் என்று இரண்டு வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பெரிய நாடு ஜெர்வின் நாட்டின் மேல் படை எடுத்தது. அன்றைக்குச் சண்முகக்கனி தங்கபுஷ்பத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மனதார அழுதாள், நடிக்கவில்லை. ஆனால் அழும்போதே, நல்லவேளை நம்ம பிள்ளை அந்தப் பக்கம் இல்லை என்று உள்ளே ஒரு மூலையில் மூச்சு விட்டதும் நிஜம். மது நாடு சண்டைக்குப் போகவில்லை, வழி மட்டும்தான் விட்டிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். வழி விடுவது ஒரு குற்றமா. பெரியவன் கேட்டால் சின்னவன் எப்படி மறுப்பான். நாலு நாளைக்கு முன்னால் மது நாடும் சேர்ந்துகொண்டது என்று ஒரு சேனலில் சொன்னார்கள், சேரவில்லை என்று இன்னொரு சேனலில் சொன்னார்கள். அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சேர்ந்தால் என்ன ஆகும், மது நல்லவளா கெட்டவளா, அந்த நாட்டில் ஹாஸ்டலில் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிற பிள்ளைக்கும் இதற்கும் என்ன இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் தெருக்குழாயில் எல்லாரும் நிற்கும்போது தங்கபுஷ்பம் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். "உன் மக படிக்கிற ஆஸ்பத்திரியிலதான் மைனி அவனுகளுக்கு வைத்தியமாம். காயத்தை ஆத்தி அனுப்புவா, அவன் வந்து எம் பிள்ளையச் சுடுவான்."  பின்னால் ஒருத்தி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, அல்லது இருமியிருக்கலாம்.  சண்முகக்கனியின் குடம் நிறைந்து வழிந்து தண்ணீர் காலில் ஓடியது. மறுநாள் தங்கபுஷ்பமே வந்து, தூக்கமில்லாமல் வாய் என்னமோ பேசிவிட்டது, மனசில் வைக்காதே என்றாள். மனசில் வைக்கவில்லை மைனி என்று இவளும் சொன்னாள். ஆனால் அது அங்கேயேதான் இருந்தது. வைக்கிறது எடுக்கிறது எல்லாம் நம் கையிலா இருக்கிறது. ஓரமாக நின்றவனுக்கும் பழி வரும், சண்முகக்கனியின் வீட்டுக்காரர் செல்வக்குமாரின் கதை இல்லையா அது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன், பங்காளி பொன்ராஜ் வீட்டுச் சுற்றுச்சுவர் தன் இடத்தில் ஒரு சாண் ஏறியிருக்கிறது என்று கடப்பாரையோடு கிளம்பினார். நீயும் கூட வாடா என்றார். இவர் போனார். போக வேண்டாம் என்று இவள் சொன்னாள், அண்ணன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா என்றார். சுவரை இடித்ததெல்லாம் அண்ணன். இவர் கையில் ஒரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார், அவ்வளவுதான், ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. வருஷங்கள் போய் அண்ணனும் பொன்ராஜும் கோயில் கொடையில் ராசியாகி, இப்போது ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போகிறார்கள். இவரைக் கண்டால் மட்டும் பொன்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் சும்மாதானே நின்னேன் என்று இவர் இன்னும் வருஷத்துக்கு ஒருதடவையாவது புலம்புவார். அண்ணன் கோபத்தில் இடித்தான், அது புரிகிறது, உனக்கு என்ன வந்தது, நீ ஏன் வந்து நின்றாய், அதுதான் பொன்ராஜின் கேள்வியாக இருக்கும் என்று அவளுக்கு இப்போது தோன்றியது. மண்வெட்டி எதற்கு எடுத்துக்கொண்டு போனார். சும்மா நிற்கப் போகிறவருக்கு மண்வெட்டி எதற்கு.

ஒரு காக்கா கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. சூ என்றாள். அது போகவில்லை. கூழின் மேல் ஏடு கட்ட ஆரம்பித்துவிட்டது. நேற்று இந்நேரத்துக்குத்தான் மது கூப்பிட்டாள். எடுத்ததும் சாப்பிட்டியாம்மா என்று கேட்டாள்.  பிறகு, "அம்மா, கல்யாண வண்டி எல்லாம் காலையில இருந்து போகுதும்மா, எங்க சன்னலுக்குக் கீழதான் போகுது" என்றாள். எந்தக் கல்யாணம், யார் வீட்டில் என்று இவள் கேட்டாள். மது பெருமூச்சு விட்டாள். நல்லாக் கேளும்மா, எங்க ஹாஸ்டல் முன்னால ரோடு ரெண்டாப் பிரியும்னு முன்னாடி சொல்லியிருக்கேன்ல, ஒண்ணு ஜெர்வின் ஊருக்குக் கிழக்கால போகும், ஒண்ணு மேக்கால போகும், வண்டி பூராவும் கிழக்கால திரும்புது, மேக்கால ஒண்ணுகூடத் திரும்பல, இது பெரிய வீட்டு வண்டி இல்லம்மா, இந்த வீட்டு வண்டி, மேல போட்டிருக்கிற கோடு வேற என்றாள். பட்டாள வண்டியைத்தான் மது கல்யாண வண்டி என்கிறாள் என்று அப்போதுதான் சண்முகக்கனிக்குப் புரிந்தது.  ஜெர்வினும் இன்னும் பதினொரு பையன்களும் அந்த ஊரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஒன்பது நாளாக இருக்கிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு பஸ் ஏற்பாடாகியிருக்கிறது என்று தங்கபுஷ்பம் சொல்லியிருந்தாள். மறுநாள் காலையில் கிளம்புகிறார்கள், ஊரிலிருந்து தெற்கே போக இரண்டே ரோடு. மது குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்து அறையில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை சன்னல் வழியாக வண்டிகளைப் படம் எடுத்தாள், இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பி வரவில்லை என்றாள். அத்தைகிட்ட நீ எப்படிச் சொல்லுவியோ எனக்குத் தெரியாது, ஆனால் போனில் யாரும் எதுவும் பேசக்கூடாது, எழுதக்கூடாது, என் பேரு எங்கேயும் வரக்கூடாது என்றாள். வராதுடா என்று இவள் சத்தியம் பண்ணினாள். மது உடனே பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், அவள் குரல் ரேடியோவில் பேசுகிறவளின் குரல் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி முழுக்க இவளுக்குத் தூக்கம் இல்லை. சொன்னால் மதுவுக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் ஜெர்வினுக்கு. விடிந்ததும் அரிசிமாவைக் கரைத்துக் கூழ் கிண்ட வைத்ததே, கைக்கு வேலை இருந்தால் தலை கொஞ்சம் ஓயும் என்றுதான்.

ஏழரை மணிக்குத் தையல்கடைக்குப் போனாள். கடைக்குள் மெஷினுக்கு எதிரே சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. ஜெர்வின் அனுப்பியதை ஜெராக்ஸ் கடையில் நாலு தாளாக அச்செடுத்து, தங்கபுஷ்பமே தைத்த மாதிரி நேராக டேப் போட்டு ஒட்டியிருந்தாள். நடுவில் ஜெர்வின் ஊர், மேலிருந்து கீழே இரண்டு மஞ்சள் ரோடு, ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். எழுத்தெல்லாம் அந்த ஊர் எழுத்து. தங்கபுஷ்பம் காபி கொடுத்தாள். சண்முகக்கனி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, யார் சொன்னார்கள் என்று கேட்காதே மைனி, கிழக்கு ரோட்டில் பிள்ளை போகக் கூடாது, அதில் வண்டி வருகிறது, மேற்கு ரோடு காலியாக இருக்கிறது என்றாள். தங்கபுஷ்பம் யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இவள் முகத்தைப் பார்த்தாள், அதிலேயே எல்லாம் தெரிந்திருக்கும். எழுதக்கூடாது, பேசக்கூடாது, படமாக அனுப்பிவிடு என்று இவள்தான் சொன்னாள். அந்த யோசனை வந்ததில் இவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எது மைனி கிழக்கு ரோடு, காட்டு என்றாள் தங்கபுஷ்பம். இவள் வெயில் வருகிற பக்கத்துக்குக் கையை நீட்டி, இது என்றாள். தங்கபுஷ்பம் துணி வெட்டுகிற சாக்கட்டியால் அந்த ரோட்டின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள். செல்போனில் படம் எடுத்தாள். அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்தது. பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. நாலு நாளாகக் குழாயடியில் நின்றுகொண்டிருந்த பாரம் ஒன்று அப்போது இறங்கின மாதிரி இருந்தது. அதோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து கூழைக் கிண்டி இறக்கினாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள், வேட்டியை நனைத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தானே நடந்தது.

டிவி. சண்முகக்கனி அச்சைக் கீழே வைத்தாள். டிவியில் மழைச் செய்தி வாசிக்கும்போது ஒரு படம் காட்டுவார்களே, அதில் கடல் எந்தப் பக்கம் இருக்கும். சோத்தாங்கைப் பக்கம். தூத்துக்குடி சோத்தாங்கைப் பக்கம்தான் இருக்கும், ராமேஸ்வரம் அந்தப் பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மது சின்னப்பிள்ளையில் நீலக்கலர் பென்சிலால் கடல் அடிப்பாள், சோத்தாங்கைப் பக்கம்தான் அடிப்பாள். தூத்துக்குடி நமக்குக் கிழக்கே. அப்படியானால் படத்தில் கிழக்கு சோத்தாங்கைப் பக்கம். ஆனால் இவள் தொட்டது பீச்சாங்கைப் பக்கம். இல்லை, பொறு, அது வேறே. வீட்டில் டிவி வடக்குச் சுவரில் இருக்கிறது. வடக்கே பார்த்து உட்கார்ந்தால் சோத்தாங்கைப் பக்கம் கிழக்கு, அதனால் கடல் அங்கே இருக்கிறது, சரிதான். தையல்கடையில் படம் தெற்குச் சுவரில் ஒட்டியிருக்கிறது. தெற்கே பார்த்து நின்றால் பீச்சாங்கைப் பக்கம்தான் கிழக்கு. அதனால் அங்கே கிழக்கு பீச்சாங்கைப் பக்கம். இரண்டும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும். சுவர் மாறினால் படமும் மாறுமா. சேலையை இந்தக் கொடியில் போட்டாலும் அந்தக் கொடியில் போட்டாலும் முந்தி முந்திதானே, கரை கரைதானே. ஆனால் சேலை வேறு, ரோடு வேறு. கிழக்கு என்பது சூரியன் வருகிற பக்கம், அது சேலையோடு சேர்ந்து திரும்பாது. உப்பு டப்பாவை மேக்கால நகர்த்து, கொஞ்சம் வடக்கால தள்ளி உட்காரு என்று பேசியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. ஒருநாளும் ஒரு சாமானும் தப்பாக இருந்ததில்லை. இருட்டில்கூட அவளுக்குத் திசை தப்பாது, பஸ்ஸில் தூங்கி விழித்தாலும் தப்பாது. அந்தத் திசை எப்படித் தப்பாகும். அவள் எழுந்து நின்று வடக்கே பார்த்தாள், இரண்டு கையையும் விரித்தாள். தெற்கே பார்த்துத் திரும்பி நின்று விரித்தாள். கையெல்லாம் கூழ். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.

செல்போனைப் பாவாடை நாடாவிலிருந்து எடுத்து வீட்டுக்காரருக்கு அடித்தாள். அவர் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் இருந்தார், பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது. ஏங்க, நாட்டுப் படத்தைத் தெற்குச் சுவத்துல ஒட்டுனா கிழக்கு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டாள். என்னது என்றார். மறுபடி கேட்டாள். அவர் யாரிடமோ இரு என்று சொல்லிவிட்டு, காலங்காத்தால உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா என்றார். பிறகு, "மேப்புன்னா மேல வடக்கு, சோத்தாங்கைப் பக்கம் கிழக்கு. எந்தச் சுவத்துல ஒட்டினா என்ன, கூரையில ஒட்டினாலும் அதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். சண்முகக்கனிக்கு வெயில் திடீரென்று குறைந்த மாதிரி இருந்தது. குறையவில்லை, கண்தான் அப்படி ஆயிற்று. அப்போது பீச்சாங்கைப் பக்கம் மேற்கு. அவள் விரல் வைத்தது மேற்கில். பெருக்கல் குறி விழுந்தது மேற்கில். மேற்கு வேண்டாம் என்று பார்த்துவிட்டு ஜெர்வின் கிழக்கே போவான், மது நாட்டு வண்டி வருகிற ரோட்டுக்கு, நேராக அதன் முகத்துக்கு. நான் அனுப்பி வைத்தேன். எங்கள் மது நாட்டுக்காரன் வருகிறான், நான் பிள்ளையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். இல்லை, பதறாதே, காபி டம்ளர் எந்தக் கையில் இருந்தது. சோத்தாங்கையில்தான் இருந்ததா. சுடுகிறது என்று கை மாற்றினேனே, அது விரல் வைப்பதற்கு முன்னாலா பின்னாலா. முன்னால் என்றால் நான் சோத்தாங்கையால் தொட்டிருப்பேன், அப்போது எல்லாம் சரியாகவே இருக்கிறது. சரியாக இருக்கிறதைப் போய் தப்பு என்று சொல்லி மாற்றினால், அப்போதுதான் பிள்ளை சாவான். சும்மா இருந்தால் சாவானா, போய்ச் சொன்னால் சாவானா. வெயில் வருகிற பக்கம் காட்டினேன். அது நிச்சயம். அது நிச்சயம் என்றால் இது தப்பு. ஆனால் நிச்சயமா.

இதை எப்படிப் போய்ச் சொல்வது. மைனி, தப்பான ரோட்டைக் காட்டிவிட்டேன் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள். குழாயடியில் சொன்னவள்தானே. உன் மக ஊர்க்காரனுக்குப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாயா என்று கேட்டால். கேட்கமாட்டாள், ஆனால் நினைப்பாள், தெருவே நினைக்கும். ஓரமாக மண்வெட்டியோடு நின்றவன் மாதிரி நான் ஆயுசுக்கும் நிற்கணும். அதற்காகச் சொல்லாமல் இருக்கிறதா. ஒருவேளை பஸ் கிளம்பவே இல்லையோ என்னவோ. ஏழு மணிக்குக் கிளம்புகிறது என்று மைனிதான் சொன்னாள், அங்கே ஏழு மணி. அங்கே ஏழு என்றால் இங்கே மூன்றரை மணி நேரம் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா. மதுவுக்கு இரண்டரை, ஜெர்வினுக்கு மூன்றரை, பக்கத்துப் பக்கத்து நாட்டுக்கு எதற்கு இரண்டு மணிக்கணக்கு. குறைத்தால் மூன்றரை, அது போயே போய்விட்டது, இல்லை, நமக்குத்தான் முதலில் விடியும், அப்போது கூட்டவேண்டும், பத்தரை. மணி என்ன. செல்போனில் கூழ் பட்டு எழுத்துத் தெரியவில்லை. சேலையில் துடைத்தாள். பத்து முப்பத்தெட்டு. அவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை, செருப்பும் போடவில்லை. மேலே காக்கா வேட்டியில் குதித்து இறங்குகிற சத்தம் கேட்டது.

தெருவில் தார் சுட்டது. தங்கபுஷ்பம் மெஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டாள், சக்கரம் தானாக ஓடி நின்றது. சண்முகக்கனி நேராகச் சுவருக்குப் போனாள். பெருக்கல் குறி பீச்சாங்கைப் பக்கம் இருந்தது. சோத்தாங்கை, பீச்சாங்கை, டம்ளர் எல்லாம் ஒன்றுமில்லை, குறி அங்கேதான் இருந்தது, எட்டு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் போல அங்கே இருந்தது. ஆனாலும் அவளுக்கு அது கிழக்காகத்தான் தெரிந்தது. வெயில் அந்தப் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது.  நகத்தால் டேப்பைச் சுரண்டி, நாலு தாளையும் ஒன்றாக உரித்து எடுத்தாள். சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. தங்கபுஷ்பம் எழுந்து என்ன மைனி, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இவள் படத்தைத் தரையில் போட்டாள். படத்தின் மேல்பக்கம் வடக்கே வருகிற மாதிரித் திருப்பினாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். இப்போது பெருக்கல் குறி பின்சுவர்ப் பக்கம் இருந்தது. பின்சுவர் மேற்கு. வாசல் பக்கத்து ரோடு, வெயில் பக்கத்து ரோடு, சுத்தமாக இருந்தது. "மைனி, மேக்க குறி போட்டுட்டோம்" என்றாள். சுவத்துல இருந்ததைப் பார்த்து வாசல் பக்கத்தைக் கிழக்குன்னு காட்டிட்டேன், நான்தான் காட்டினேன், எனக்குப் படம் பார்க்கத் தெரியாது என்றாள். தங்கபுஷ்பமும் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தாள், குறியைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். அவளும் இதே தெருக்காரிதான், அவளுக்கும் தெற்குச் சுவர் தெற்குச் சுவர்தான். தங்கபுஷ்பத்தின் முகம் வெளுத்துப்போவதை இவள் பார்த்தாள். காட்டிக்கொடுத்தாயா என்று அவள் கேட்கப்போகிறாள் என்று இவள் நினைத்தாள்.  அவள் செல்போனைத் தேடினாள், காலர் துணிக்கடியில் இருந்தது.

முதல்தடவை மணி போகவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. மூன்றாவது தடவை ஜெர்வின் எடுத்தான். எஞ்சின் சத்தமும் பையன்கள் பேசுகிற சத்தமும் கேட்டது. கிளம்பியாச்சும்மா, நீங்க அனுப்பின படத்தை டிரைவர்ட்டக் காட்டிட்டேன் என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். தங்கபுஷ்பத்துக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.  போனை இவள் முன்னால் நீட்டினாள். சண்முகக்கனி வாங்கினாள். வாங்கும்போதுகூட எப்படிச் சொல்வது, கல்யாண வண்டி என்று சொன்னால் புரியுமா, பெரிய வீடு சின்ன வீடு என்று சொன்னால் புரியுமா, என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. "ஜெர்வினு, அத்தை பேசுறேன்டா. குறி தப்பு. கிழக்க போகாத. எங்க மது நாட்டு பட்டாளம் அந்த ரோட்டுலதான் வருது. மேக்க போ" என்றாள். அவன் நிஜமாவா அத்தை, யார் சொன்னா, இங்க எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க என்றான். நேரமில்லை. அவன் நம்பவில்லை. "மது பார்த்தாடா. மது சன்னல்ல இருந்து கண்ணால பார்த்தா" என்றாள்.  பிறகு அவன் அந்த ஊர்ப் பாஷையில் உரக்கக் கத்தினான். யாரோ பதில் கத்தினார்கள். பாலத்துக்கு முன்னால திருப்பச் சொல்றேன் அத்தை என்றான். பஸ் நிற்கிற மாதிரி ஒரு கிறீச் சத்தம். அதோடு போன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தார்கள், எடுக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டான். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

தங்கபுஷ்பம் படத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, திருப்பிட்டான், திருப்பிட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சண்முகக்கனி கையில் இருந்த போனைப் பார்த்தாள். அதன் மேலெல்லாம் கூழ் காய்ந்து பொருக்காக இருந்தது. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, இதற்குள் யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள், தமிழ் தெரிந்தவன் அங்கே இருப்பானா, இருக்கமாட்டான், ஆனால் மது என்கிற பேருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லையே. பக்கத்து அறைப் பிள்ளையை இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் மாடிப்படி ஏறுவதை அவளால் பார்க்க முடிந்தது, கதவைத் தட்டுவதற்கு முன்னால் அவர்கள் பேரைச் சரிபார்ப்பார்கள். போனை மெஷின் மேல் வைத்தாள். வைத்த பிறகும் அது தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அதைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"மைனி, நான் மது பேரைச் சொன்னேனா?"

தங்கபுஷ்பம் முந்தானையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. இவள் முகத்தைப் பார்த்தாள், காலையில் பார்த்த மாதிரியே பார்த்தாள், பிறகு எட்டி இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மைனி. நீ பேரு எதுவும் சொல்லல."

சண்முகக்கனி தலையாட்டினாள். அப்படியானால் சரி. போனில் பேசும்போது தங்கபுஷ்பம் பக்கத்திலேயே இருந்தாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தன் காதுக்குத்தான் அந்தப் பேர் மூன்று தடவை கேட்ட மாதிரி இருந்தது. காலையில் கிழக்கே தெரிந்த ரோடு மேற்கே இருந்ததே, காதும் அப்படித்தான் கேட்டிருக்கும். வாசல் வெயில் தரையில் கிடந்த படத்தின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

"சொல்லலைதானே?" என்று மறுபடியும் கேட்டாள்.